பத்து ரூபாய் வில்லை ஒட்டிய மனு: ஆர்.டி.ஐ. சீட்டுக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு

தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கம் அரசு அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்தவரிடம் எந்த சீட் (அதாவது எந்த வேலைப் பொறுப்பு) வேண்டாம் என்று கேட்டால், முதலில் தேர்தல் என்பார், அடுத்த மூச்சில் ஆர்.டி.ஐ. (தகவல் அறியும் உரிமைச் சட்டம்) என்பார். தேர்தல் எப்போதோ ஒருமுறை வந்துவிட்டுப் போகும். ஆர்.டி.ஐ. தினமும் தபாலில் வரும். வருவாய்த் துறையில் இரண்டு மாவட்டத்திலும் அந்த சீட்டில் ஆறு வருடம் இருந்தவன் என்ற முறையில் எழுதுகிறேன். பயப்படும் அளவுக்கு ஒன்றும் இல்லை. ஆனால் பலர் நினைப்பதுபோல இது 'எப்படித் தராமல் இருப்பது' என்று யோசிக்கும் வேலை கிடையாது. எது அலுவலகத்துச் சங்கதி, எது ஒருவர் வீட்டுச் சங்கதி என்று காகிதத்தைப் பிரிக்கிற வேலை. அரிசியில் கல் பொறுக்குகிற மாதிரி, கண்ணும் பொறுமையும் இருந்தால் போதும்.

இதற்கென்று தனித் தேர்வு எழுதி வருகிறவர் யாரும் இல்லை. குரூப் 4 எழுதி இளநிலை உதவியாளராகவோ, குரூப் 2 எழுதி உதவியாளராகவோ வந்திருப்பீர்கள். ஒரு நாள் அலுவலக ஆணையில் உங்கள் பெயருக்கு எதிரே 'த.அ.உ.ச. மனுக்கள்' என்று இருக்கும். கையெழுத்துப் போடுகிறவர் பொதுத் தகவல் அலுவலர். வரைவு தயாரிப்பது நீங்கள். தாமதமானால் நாளுக்கு 250 ரூபாய் வீதம் 25,000 ரூபாய் வரை அபராதம் விதிக்கத் தகவல் ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு. அது அலுவலகக் கணக்கில் போகாது, அதிகாரியின் சொந்தப் பணம். ஆனால் சட்டத்தின் 5(4), 5(5) பிரிவுகளை முதல் நாளே படித்து வையுங்கள். பொதுத் தகவல் அலுவலர் எந்தப் பிரிவிடம் எழுத்தில் உதவி கேட்கிறாரோ, அந்தப் பிரிவில் கோப்பை வைத்திருப்பவரும் இந்த விஷயத்தில் தகவல் அலுவலராகவே கருதப்படுவார். 'பார்க்கலாம் சார்' என்று நாள் கடத்தும் பக்கத்து சீட்டுக்காரருக்கு அந்தப் பிரிவைக் குறிப்பிட்டு ஒரு குறிப்பாணை போனால், மறுநாளே கோப்பு உங்கள் மேசைக்கு வந்துவிடும்.

முதல் நாள்: தேதி

மனு வந்த அன்றே தேதி முத்திரை போட்டு, தன்பதிவேட்டில் (ஒவ்வொருவரும் தன் சீட்டுக்கு வரும் தபாலைப் பதியும் ஏடு) ஏற்றுவதோடு நில்லாமல், இதற்கென்று தனிப் பதிவேடு ஒன்றிலும் ஏற்றுங்கள். உறையைக் கிழித்துக் குப்பையில் போடாதீர்கள். மனுவோடு சேர்த்துக் குத்தி வையுங்கள். பிற்பாடு 'நான் அனுப்பியது இந்தத் தேதி, நீ வாங்கியது அந்தத் தேதி' என்று வழக்கு வந்தால் அஞ்சல் முத்திரைதான் சாட்சி. 30 நாள் ஓடுவது மனு வந்து சேர்ந்த தேதியிலிருந்து. உதவிப் பொதுத் தகவல் அலுவலர் வழியாக வந்திருந்தால் ஐந்து நாள் கூடுதலாகக் கிடைக்கும். ஒருவருடைய உயிர் அல்லது சுதந்திரம் சம்பந்தப்பட்டதென்றால் 48 மணி நேரம்தான்.

பத்து ரூபாய்க்கு நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். வறுமைக் கோட்டுக்குக் கீழே இருப்பவர் சான்று இணைத்திருந்தால் கட்டணமே கிடையாது. பணம் இல்லை என்று மனுவை மேசையிலேயே தூங்கவிடாமல், கட்டணம் கட்டச் சொல்லி உடனே ஒரு கடிதம் போடுங்கள்.

இன்னொன்று. 'இது உங்களுக்கு எதுக்குங்க?' என்று மனுதாரரிடம் கேட்கக் கூடாது. போனிலும் வேண்டாம், நேரிலும் வேண்டாம். காரணம் கேட்கக் கூடாது என்று 6(2) தெளிவாகவே சொல்கிறது.

எழுதத் தெரியாமல் நேரில் வருகிறவர்களும் உண்டு. ஓசூருக்கு அந்தப் பக்கம் தளி, அஞ்செட்டியிலிருந்து வரும் பெரியவர்கள் சிலருக்குத் தெலுங்கோ கன்னடமோதான் சரளம். வாய்மொழியாகச் சொல்வதை எழுத்தில் கொண்டுவர உதவ வேண்டியது தகவல் அலுவலரின் கடமை என்று சட்டமே சொல்கிறது. அலுவலகத்தில் அந்த மொழி தெரிந்த ஒருவர் எப்படியும் இருப்பார், கூப்பிட்டு உட்கார வையுங்கள். எழுதியதை வாசித்துக் காட்டி, 'இதுதானே கேட்டீங்க?' என்று உறுதி செய்துகொண்ட பிறகே கைநாட்டு வாங்குங்கள். இதற்கு அரை மணி நேரம் ஆகும். அந்த அரை மணி நேரத்தை மிச்சம் பிடிக்கப் போய் வந்த மேல்முறையீடுகளை நான் பார்த்திருக்கிறேன்.

ஐந்து நாளுக்குள்: இது யார் காகிதம்?

நம்மிடம் இல்லாத தகவல் என்றால் ஐந்து நாளுக்குள் உரிய அலுவலகத்துக்கு 6(3)-இன்படி மாற்றி, மனுதாரருக்கும் தெரிவிக்க வேண்டும். 'எங்களிடம் இல்லை' என்று திருப்பி அனுப்பிவிட்டால் வேலை முடிந்ததாகாது.

நம் மாவட்டங்களில் இது கொஞ்சம் சிக்கல். தருமபுரி மாவட்டம் சேலத்திலிருந்து பிரிந்தது 1965 அக்டோபர் 2-இல். தருமபுரியிலிருந்து கிருஷ்ணகிரி பிரிந்தது 2004 பிப்ரவரி 9-இல். இப்போது கிருஷ்ணகிரி மாவட்டத்தில் இருக்கும் ஊத்தங்கரைக்காரர் தன் தாத்தா காலத்து ஒப்படை ஆணை (அரசு நிலம் வழங்கிய ஆணை) வேண்டும் என்று கேட்டால், 1980-ஐச் சேர்ந்ததாக இருந்தால் தருமபுரி ஆட்சியர் அலுவலகப் பதிவறையில் இருக்கலாம், 1960 என்றால் சேலத்தில் தேட வேண்டி வரலாம். பிரிவினையின்போது எந்தக் கோப்புகள் கைமாறின என்ற பட்டியல் உங்கள் பதிவறையில் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் ஒரு நகல் எடுத்து சீட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

துறை தெரியாமல் வரும் மனுக்களும் நிறைய. தேன்கனிக்கோட்டைப் பக்கம் யானை மிதித்த ராகிக்கு இழப்பீடு எத்தனை பேருக்குக் கொடுத்தீர்கள் என்று வட்டாட்சியருக்கு மனு வரும். அது ஓசூர் வனக்கோட்டத்தில் இருக்கும் கணக்கு. ஊரில் மேல்நிலைத் தொட்டித் தண்ணீரின் ஃப்ளோரைடு அளவு கேட்டு மாவட்ட ஆட்சியருக்கு எழுதுவார்கள். அது குடிநீர் வடிகால் வாரியம். மனுவில் பாதி நம்முடையது, பாதி அடுத்தவருடையது என்றால் அந்தப் பாதியை மட்டும் மாற்றிவிட்டு, நம் பாதிக்கு நாமே பதில் சொல்ல வேண்டும்.

கேள்வியைப் பிரிப்பது

மனுவில் எத்தனை கேள்வி இருந்தாலும் ஒவ்வொன்றுக்கும் எண் போட்டு, எதிரே எந்தப் பிரிவு, எந்தக் கோப்பு என்று பென்சிலில் குறியுங்கள். சிலர் ஒரே வாக்கியத்தில் மூன்று கேள்வி வைப்பார்கள், கவனமாக இருங்கள்.

கோப்பில் இருப்பதைத்தான் கொடுக்க வேண்டும். இல்லாததை உருவாக்கித் தர வேண்டியதில்லை என்று 2011-இல் சி.பி.எஸ்.இ. விடைத்தாள் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. இதைப் பிடித்துக்கொண்டு 'ஏன்' என்று தொடங்கும் எல்லாக் கேள்விக்கும் 'இது தகவல் என்ற வரையறைக்குள் வராது' என்று ஒற்றை வரியில் எழுதிவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அது பிடிக்காது. 'என் பட்டா மாறுதல் மனுவை ஏன் தள்ளுபடி செய்தீர்கள்?' என்று ஒருவர் கேட்டால், காரணம் எழுதிய ஆணையும் கிராம நிர்வாக அலுவலர் அறிக்கையும் கோப்பிலேயே இருக்கின்றன. அந்த நகல்களைக் கொடுத்தால் அவருக்குப் பதில் கிடைத்துவிடும், உங்களுக்கு மேல்முறையீடு மிச்சம்.

பதிவறை

முடிந்த கோப்பைத் தேடப் போகும் முன் அது எந்த வகையில் முடிக்கப்பட்டது என்று தன்பதிவேட்டில் பாருங்கள். எல்.டிஸ். என்றால் ஒரு வருடம், கே.டிஸ். என்றால் மூன்று வருடம், டி.டிஸ். என்றால் பத்து வருடம் வைத்திருப்பார்கள். ஆர்.டிஸ். என்றால் நிரந்தரம். காலம் முடிந்து அழிக்கப்பட்டிருந்தால், அழித்ததற்கான பதிவேட்டுப் பக்கத்தின் நகலைக் கொடுங்கள், அதுவும் ஒரு தகவல்தான். அழிக்கவும் இல்லை, கிடைக்கவும் இல்லை என்றால்தான் தலைவலி. 'கோப்பு காணவில்லை' என்பதைச் சட்டத்தில் எந்தப் பிரிவும் விலக்காகச் சொல்லவில்லை. தில்லி உயர் நீதிமன்றமும் 2013-இல் இதைச் சொல்லியிருக்கிறது. தேடியது யார், எங்கே, எந்தத் தேதியில் என்று கோப்பில் குறிப்பு எழுதுங்கள். துணைப் பதிவேடுகளிலிருந்து கிடைப்பதைக் கொடுங்கள். கோப்பை மறுபடி கட்டமைக்க மேலதிகாரிக்கு எழுதுங்கள்.

பிரிப்பது: இங்கேதான் நேரம் செலவிட வேண்டும்

அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017-இல் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் தீர்ப்பளித்தார்கள். 2023-இல் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. தனிநபர் தகவலைத் தராமல் மறுக்க இடம் தரும் ஆர்.டி.ஐ.-யின் 8(1)(ஜெ) பிரிவையே அந்தச் சட்டம் மாற்றிவிட்டது, மாற்றம் 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. முன்பு அந்தப் பிரிவில் நிபந்தனைகள் இருந்தன: பொதுப்பணியோடு தொடர்பில்லாததாக இருக்க வேண்டும், அல்லது ஒருவருடைய அந்தரங்கத்தில் தேவையின்றித் தலையிடுவதாக இருக்க வேண்டும். சட்டமன்றத்துக்கு மறுக்க முடியாததைச் சாதாரண ஆளுக்கும் மறுக்கக் கூடாது என்ற வரியும் இருந்தது. இப்போது அதெல்லாம் போய், 'தனிநபர் தகவல் தொடர்பானது' என்ற ஒரு வரிதான் நிற்கிறது.

புதிதாக வருகிறவர்கள் இதைத் துடைப்பமாக எடுத்து எல்லாவற்றையும் பெருக்கித் தள்ளுகிறார்கள். காகிதத்தில் ஒரு பெயர் இருந்தால் போதும், 8(1)(ஜெ) என்று எழுதிவிடுகிறார்கள். சட்டத்தில் மற்ற பக்கங்களும் இருக்கின்றன. பொதுநலன் பாதிப்பைவிடப் பெரிதாக இருந்தால் தகவலைத் தரலாம் என்கிற 8(2) அப்படியே இருக்கிறது. அலுவலர்களின் சம்பளம், மானியத் திட்டப் பயனாளிகள் விவரம் இவற்றை யாரும் கேட்காமலே வெளியிட வேண்டும் என்கிற 4(1)(பி)-யும் இருக்கிறது. நிலம் யார் பெயரில் இருக்கிறது என்று காட்டும் சிட்டாவும் அ-பதிவேடும் இணையத்தில் எவரும் பார்க்கலாம். ஊரே போனில் பார்க்கிற பட்டாதாரர் பெயரை நாம் மட்டும் ரகசியம் என்று மறைத்தால், ஆணையத்தில் சிரிப்பார்கள்.

அப்படியானால் எதை மறைப்பது? நான் கேட்டுக்கொள்ளும் கேள்வி ஒன்றுதான்: இந்த வரி வெளியே போனால் அலுவலகம் செய்த வேலை தெரியவருமா, அல்லது ஒருவருடைய வீட்டுக் கதவு திறந்துகொள்ளுமா?

ஃப்ளோரைடையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே நம் இரண்டு மாவட்டத்திலும் நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு அதிகம் என்பதால் வந்தது. ஓர் ஊரின் தண்ணீர்ப் பரிசோதனை முடிவு, உச்ச வரம்பான லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேலா கீழா என்பது முழுக்கப் பொதுத் தகவல், ஓர் எழுத்தையும் மறைக்க வேண்டாம். அதே மனுவில் அந்த ஊர்ப் பள்ளியில் பல் கறை பிடித்த பிள்ளைகளின் பட்டியலைக் கேட்டிருந்தால்? எத்தனை பிள்ளைகள், எந்த வகுப்பு, எந்த வருடம் என்ற எண்ணிக்கை போகலாம். பெயர் போகக் கூடாது. அதில் இருக்கும் ஒரு பெண்பிள்ளைக்கு நாளைக்கு வரன் பார்க்க வருகிறவர் கையில் அந்தக் காகிதம் இருக்கும்.

இன்னொரு வகை மனு இங்கே சகஜம். குழந்தைத் திருமணம் ஒன்றை அதிகாரிகள் போய் நிறுத்தியிருப்பார்கள். ஒரு மாதம் கழித்து மாப்பிள்ளை வீட்டிலிருந்து ஒருவர், '1098-க்கு (குழந்தைகள் உதவி எண்) போன் பண்ணியது யார்? புகார் நகல் வேண்டும்' என்று பணிவாக மனுப் போடுவார். தகவல் கொடுத்தவரை அடையாளம் காட்டுவதையும், ஒருவர் உயிருக்கு ஆபத்து வருவதையும் 8(1)(ஜி) தடுக்கிறது. எடுத்த நடவடிக்கை, போன தேதி, எந்த அலுவலர் போனார் என்பதைச் சொல்லலாம். சிறுமியின் பெயரும் முகவரியும் போகக் கூடாது. புகார் தந்தவர் பெயரை மட்டும் அடித்துவிட்டு நகல் கொடுப்பதும் போதாது. 'எங்கள் தெருக்கோடி வீட்டில்' என்று புகாரில் ஒரு வரி இருந்தால், ஆள் யாரென்று ஊருக்குத் தெரிந்துவிடும். அதனால் இதில் வரி வரியாகப் படித்தே ஆக வேண்டும்.

பெற்றவர்கள் வளர்க்க முடியாமல் விட்டுச்செல்லும் குழந்தைகளை அரசு ஏற்கும் தொட்டில் குழந்தைத் திட்டக் கோப்புகள் இதைவிடவும் நெருப்பு. அந்தத் திட்டம் 2001-இல் தருமபுரிக்கு வந்தது. அந்த வருடக் குழந்தைகளுக்கு இப்போது இருபது வயதுக்கு மேல். எத்தனை குழந்தைகள் வந்தன, எத்தனை தத்துப் போயின என்று எண்ணிக்கை கேட்டால் கொடுங்கள். யார் வீட்டுக்குப் போனது என்று கேட்டால் கோப்பைத் திறக்கவே வேண்டாம். குழந்தையின் அடையாளத்தை வெளியிடுவதைச் சிறார் நீதிச் சட்டம் தடுக்கிறது. வளர்ந்த பிள்ளையே தன் வேரைத் தேடி வந்தால் தத்தெடுப்பு விதிமுறைகளில் அதற்குத் தனி வழி இருக்கிறது, அங்கே அனுப்புங்கள்.

மூன்றாம் நபர் ரகசியமாகக் கொடுத்த தகவலைத் தரலாம் என்று நினைத்தால் பிரிவு 11-இன்படி ஐந்து நாளுக்குள் அவருக்கு அறிவிப்பு அனுப்ப வேண்டும். அவர் பதில் சொல்லப் பத்து நாள். மொத்தம் 40 நாளுக்குள் முடிவு. 'வேண்டாம்' என்று அவர் எழுதிவிட்டாலே கதை முடிந்தது என்று எண்ண வேண்டாம். அவருடையது கருத்து, முடிவு தகவல் அலுவலருடையது.

சரி, மறைப்பது எப்படி? பிரிவு 10 'தரக்கூடியதைப் பிரித்துத் தா' என்கிறது. பட்டா மாறுதல் கோப்பு ஒன்றை எடுத்தால் உள்ளே ஆதார் நகல், குடும்ப அட்டை நகல், போன் எண், சில சமயம் வங்கிப் புத்தகத்தின் முதல் பக்கம் எல்லாம் இருக்கும். அசல் கோப்பில் பேனாவை வைக்காதீர்கள். முதலில் ஒரு நகல் எடுங்கள். அதில் கறுப்பு ஸ்கெட்ச் பேனாவால் அடியுங்கள். அதை அப்படியே கொடுத்துவிடக் கூடாது: ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால் எண் அத்தனையும் தெரியும். அடித்த பக்கத்தை மறுபடி ஜெராக்ஸ் எடுத்து, அந்த இரண்டாவது நகலைத்தான் கொடுக்க வேண்டும். மின்னஞ்சலில் அனுப்புவதென்றால் பி.டி.எஃப். மேல் கறுப்புக் கட்டம் வரைந்து அனுப்பாதீர்கள், கட்டத்தை நகர்த்தினால் அடியில் எழுத்து இருக்கும். அச்செடுத்து, அடித்து, ஸ்கேன் செய்து அனுப்புங்கள். அப்புறம் மறைத்த பக்கத்தின் பின்புறத்தையும் பாருங்கள். முன்பக்கம் அடித்த ஆதார் எண் பின்பக்கத்திலும் அச்சாகியிருக்கும், நானே ஒருமுறை அப்படி அனுப்ப இருந்தேன்.

பக்கக் கட்டணமும் பதிலும்

ஒரு பக்கத்துக்கு இரண்டு ரூபாய். 46 பக்கம் என்றால் 92 ரூபாய் கட்டச் சொல்லி, கணக்கைக் காட்டிக் கடிதம் போடுங்கள். அந்தக் கடிதம் அனுப்பிய நாளிலிருந்து பணம் கட்டும் நாள்வரை 30 நாள் கடிகாரம் நிற்கும். பத்தாம் நாள் கடிதம் போட்டால் பணம் வந்த பிறகு இருபது நாள் கையில் இருக்கும். 29-ஆம் நாள் போட்டால் ஒரே நாள்தான். கெடு தாண்டிவிட்டால் அத்தனை பக்கமும் இலவசம். கோப்பு மிகப் பெரிது என்றால் நேரில் வந்து பார்க்கச் சொல்லலாம், முதல் ஒரு மணி நேரத்துக்குக் கட்டணம் இல்லை. அப்போதும் மறைக்க வேண்டிய தாள்களை முன்பே எடுத்து வைத்துவிட வேண்டும், பக்கத்திலேயே ஓர் ஆள் உட்கார வேண்டும்.

பதில் கேள்வி வாரியாக இருக்கட்டும். மாதிரிக்கு:

'இனம் 1: கோரப்பட்ட ஆணையின் நகல் 4 பக்கங்கள் இணைக்கப்பட்டுள்ளன. இனம் 2: அறிக்கை நகல் 3 பக்கங்கள் இணைக்கப்பட்டுள்ளன. இதில் பக்கம் 2-இல் புகார்தாரரை அடையாளம் காட்டும் வரிகள் பிரிவு 8(1)(ஜி)-இன்படியும் பிரிவு 10-இன்படியும் நீக்கப்பட்டுள்ளன. இனம் 3: பிரிவு 6(3)-இன்படி உரிய அலுவலகத்துக்கு மாற்றப்பட்டுள்ளது.'

கடைசியில் மேல்முறையீட்டு அலுவலரின் பதவி, முகவரி, 30 நாள் கால அளவு மூன்றும் வர வேண்டும். நகல் ஒவ்வொன்றிலும் 'தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005-இன் கீழ் வழங்கப்பட்ட நகல்' என்று முத்திரை, கையெழுத்து. அனுப்பிய ரசீதைக் கோப்பில் ஒட்டுங்கள்.

மனுதாரருக்கும் அந்தரங்கம் உண்டு

ஓர் அலுவலகத்தில் நடந்தது, எது என்று சொல்லத் தேவையில்லை. சாலைப் பணி பற்றி ஒருவர் மனுப் போட்டார். சம்பந்தப்பட்ட பிரிவுக்கு அவர் பெயர், முகவரி, போன் எண்ணோடு மனுவை அப்படியே ஜெராக்ஸ் எடுத்து அனுப்பியது நான்தான். அன்று மாலையே ஒப்பந்தக்காரரின் ஆள் அவர் வீட்டு வாசலில் நின்றான். மறுநாள் அந்த மனிதர் வந்து மனுவைத் திரும்பப் பெறுவதாக எழுதிக் கொடுத்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை. அதன் பிறகு பிரிவுகளுக்கு நான் கேள்விகளை மட்டும் தட்டச்சு செய்து அனுப்பினேன். பிரிவு எழுத்தருக்கு வேண்டியது கேள்விதான், கேட்டவர் யார் என்பது அல்ல.

மேல்முறையீடு

முதல் மேல்முறையீடு உங்கள் மேலதிகாரியிடமே போகும். 30 நாளில், மிஞ்சினால் 45 நாளில் அவர் முடிவு சொல்ல வேண்டும். அதிலும் திருப்தி இல்லையென்றால் 90 நாளுக்குள் சென்னையில் உள்ள தமிழ்நாடு தகவல் ஆணையத்துக்கு இரண்டாம் மேல்முறையீடு. மறுத்தது சரி என்று நிரூபிக்கும் பொறுப்பு நம்முடையது, மனுதாரருடையது அல்ல. விசாரணைக்கு அழைப்பு வந்தால் இரவு பஸ் ஏறும் முன் பையில் மனு, உறை, பதில், ரசீது, அசல் கோப்பு ஐந்தும் இருக்கிறதா என்று பாருங்கள். கோப்பில் எழுதாததை அங்கே போய் வாயால் சொன்னால் எடுபடாது.

சீட் மாறும்போது நிலுவையில் உள்ள ஒவ்வொரு மனுவுக்கும் வந்த தேதி, கெடுத் தேதி, எந்தப் பிரிவில் நிற்கிறது என்று ஒரு தாளில் எழுதி, வருகிறவரிடம் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். அபராத நோட்டீஸ் பழைய சீட்டுக்காரரைத் தேடிப் புது ஊருக்கும் வரும்.